நீலச் சட்டையிலிருந்து ஒரு நூல்

2002 நவம்பர் 23, சனிக்கிழமை. காலை 9.10க்குச் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பேருந்து கிளம்பியது. திருக்கழுக்குன்றம் வழியாக இருபத்தொன்பது கிலோமீட்டர்; டிக்கெட் எட்டு ரூபாய். முந்தின நாள் மழையில் வழிநெடுக ஏரிகள் தளும்பின.

பக்கத்து இருக்கையில் புது நீலச் சட்டையோடு ஒருவர், மடியில் துணி மாதிரிகள் ஒட்டிய தடித்த புத்தகம். பெயர் முருகேசன், ஊருக்கு வெளியே உள்ள பருத்தித் துணி மில்லில் பாய்லர் பார்ப்பவர்.

"பாய்லர்காரர் துணி விற்கப் போகிறீர்களா?"

"இன்னா சார் பண்றது? ஒரு ஷிப்ட்டுதான் ஓடிகினு கீது. மாசக் கடைசிக்குள்ள ஆர்டர் வரலன்னா அதுவும் மூடிடுவாங்களாம். எல்லாரும் போய்க் கேளுங்கன்னு மேனேஜர் அனுப்பிட்டாரு."

சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் தேதி இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நீங்கிய செய்தியை நாளிதழிலிருந்து வெட்டி வைத்திருக்கிறேன். 'நுகர்வோருக்கு நன்மை' என்பது தலைப்பு.

சட்டை நன்றாயிருக்கிறது என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "எங்க மில் துணி. தீவாளிக்கு எல்லாருக்கும் குடுப்பாங்க. சனிக்கிழமைன்னா அத்தப் போட்டுகினுதான் வேலைக்கு வரணும்."

10.25க்கு இறங்கினோம். எனக்கு வேறு வேலையில்லை, கூடவே போனேன். ஒத்தவாடைத் தெருவில் வெள்ளைக்காரர்களுக்குத் தொளதொள கால்சட்டை தைக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மூன்றில் தலையாட்டி அனுப்பினார்கள். நான்காவது கடைக்காரர் பாஷா, மாதிரிப் புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டினார்.

"மீட்டர்?"

"முப்பத்தெட்டு."

"எனக்கு சீனா சரக்கு இருபத்திரண்டுக்கு வருது அண்ணாத்த. கடல்ல போட்டுகினு குளிக்கறான், ஊருக்குப் போறப்ப ரூம்லயே வுட்டுட்டுப் போறான். அவனுக்கு எதுக்குப் பருத்தி?"

"அது பிளாஸ்டிக்குபா! கொளுத்தினா தெரிஞ்சிடும்."

பாஷா சிரித்துக்கொண்டே தீப்பெட்டியை நீட்டினார். முருகேசன் கடைச் சரக்கிலிருந்து உருவிக் கொளுத்திய சீன நூல் சுருங்கிக் கறுப்பு மணியாக இறுகியது. "பாத்தியா? பருத்தின்னா காகிதமாட்டம் எரிஞ்சி சாம்பலாவும்" என்றார் முருகேசன். மாதிரிப் புத்தகத்தைப் பிய்க்க மனம் வரவில்லை. தன் சட்டையின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, நெருப்பில் காட்டினார்.

அதுவும் சுருங்கியது. விரலில் ஒட்டிச் சுட்டது.

இன்னொரு நூல் உருவினார். அதுவும் மணியாகத்தான் இறுகியது.

"துணியோரத்துல மில் முத்திரை இருந்துச்சு சார். நானே பாத்தேன்," என்றார் என்னிடம். "வழவழன்னு இருந்துச்சு. புது பினிஷிங்னு சொன்னாங்க."

"முத்திரை குத்த எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார் பாஷா. "உன் மொதலாளி எனக்கு முன்னாடியே இருபத்திரண்டு ரூபா கணக்குப் போட்டுட்டாரு மச்சான். வா, டீ சாப்புடு."

முருகேசன் டீ சாப்பிடவில்லை.

மாலை 4.15 வண்டியில் திரும்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார். "மில்லுல யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்" என்றார்.

5.30க்கு மில் நிறுத்தத்தில் இருவரும் இறங்கினோம். சங்கு ஊதி, ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சனிக்கிழமை, எல்லோர் உடம்பிலும் அதே நீலம்.

"இன்னா முருகேசு, ஆர்டர் கெட்ச்சுதா?"

"பாத்துச் சொல்றேன்னாங்க" என்றார் முருகேசன். சுட்ட விரலை மாதிரிப் புத்தகத்துக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.