யாமினி வளைத்த கோடு

பெரிய பேரன் கல்பாக்கம் பக்கத்தில் வெல்டர் வேலையில் சேர்ந்துவிட்டான். சின்னவன் கபடியில் கோப்பை வாங்கினான். பேத்தி யாமினி சென்னையில் செல்போன் ஆப் செய்கிற கம்பெனியில் இருக்கிறாள்.

இருந்தாள்.

போட்டோ பார்க்கிற ஆப்பில் படம் எப்படி நகர வேண்டும் என்பதுதான் அவள் வேலை. கம்ப்யூட்டரில் ஒரு கோட்டை இரண்டு புள்ளிகளில் பிடித்து இழுத்து வளைப்பாள். கோடு வளைகிறபடி படம் மெள்ளக் கிளம்பி, வேகம் பிடித்து, மெள்ள வந்து நிற்கும். கோடு நேராக இருந்தால் டபக்கென்று நின்றுவிடுமாம்.

இன்று புதுப்பட்டினம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம், யாமினி கடற்கரைக் கோயிலில் சிரிக்கிற படத்தைப் போனில் நீட்டினேன். "இது எம் பேத்தி. படம் எப்டி மெள்ள வருது பாரு, அதும் அவ செஞ்சதுதான்."

"எங்க ஆயா மெள்ள வருது? டபக்குனு வந்து நிக்குது" என்று அவள் சிரித்தாள்.

தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். நேற்றுதான் சின்னவன் ஆப்பை அப்டேட் செய்திருந்தான்.

உடனே யாமினியைக் கூப்பிட்டேன். "இன்னாடி, உன் கோட்ட எவன் நேராக்கினான்?"



"என்னைய வேலைய வுட்டு எடுத்து ஒரு மாசம் ஆவுது ஆயா. வூட்ல எப்டி சொல்றதுன்னு தெரில. நீயே எல்லாருக்கும் சொல்லிடு."

இதோ, இந்தப் பதிவிலேயே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். "ஆபீஸ் கிளம்பிட்டேன்" என்று தினமும் காலையில் போன் செய்தவள், இந்த ஒரு மாதமும் எங்கே போய் உட்கார்ந்திருந்தாளோ.

வேறு வேலை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஆறுதல் மட்டும் எழுத வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.

யாமினி, கடற்கரைக் கோயிலில் சிரித்த அந்தப் பழைய படம் போதும். இப்போது இருக்கிற முகத்தைப் புதுசாக எடுத்துப் போடு. டபக்கென்று வந்தாலும் பார்த்துக்கொள்வேன்.