வெள்ளிக்கிழமை நெஞ்சுக்கரிப்பு

தொண்டை வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்த டாக்டர், படத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். "நீங்க சொல்லுத அளவுக்கு எரியணும்னா உள்ள புண்ணு இருக்கணும். ஒண்ணும் பெருசா காணலையே" என்றார்.

வயிற்றில் இருக்கிற புளிப்புத் தண்ணீர் மேலே ஏறி வருகிறது, எல்லாருக்கும் கொஞ்சம் வரும் என்றார். மனதில் கவலை இருந்தால் அந்தக் கொஞ்சமே நெருப்பு மாதிரித் தெரியும், தூக்கம் கெட்டால் இன்னும் மோசம் என்றும் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "எதும் கவலை இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

பக்கத்தில் நின்ற என் மனைவி, "இவுகளுக்கு என்ன கவலை சார்? கவலைப்பட்டாலும் வாயத் திறந்து சொல்லணும்லா. நாலு வார்த்த பேசுனா அஞ்சாவது வார்த்தைக்கு தண்ணி கேப்பாக" என்றாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அவள் முதலில் டீயை நிறுத்தினாள். பிறகு புளிக்குழம்பு, அப்புறம் வத்தல், கடைசியில் நல்லெண்ணெய்த் தோசை. ஒவ்வொன்றாக நிறுத்த நிறுத்த நானும் சரி சரி என்று தலையாட்டினேன். மற்ற நாட்களில் மாத்திரைக்கு ஓரளவு கேட்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் கேட்காது. பேட்டைப் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்து வருகிற சத்தம் கேட்டதும் நெஞ்சுக்குழியில் தொடங்கும். பைய மேலே ஏறித் தொண்டையில் வந்து நிற்கும். வாயில் புளிப்பும் கசப்புமாக எதுக்களிக்கும். அந்த நாளில் நான் மோர்ச்சோறு தின்றாலும் அப்படித்தான்.

அது எந்தச் சாப்பாட்டில் வந்தது என்று எல்லாரும் தேடினார்கள். எந்த வெள்ளிக்கிழமையில் வந்தது என்று எனக்குத் தெரியும்.

பேட்டையில் கீல் அடிக்கிற பட்டறையில் எனக்கு வேலை. கதவுக்கும் பெட்டிக்கும் வைக்கிற இரும்புக் கீல். தகரப் பட்டையை பவர் பிரஸ்ஸின் அடியில் வைத்தால் மேலே இருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் வெட்டும். கை உள்ளே மாட்டக் கூடாது என்று இரண்டு பட்டன் வைத்திருப்பார்கள், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அமுக்கினால்தான் அச்சு இறங்கும். ஆனால் அவசர வேலை வந்துவிட்டால் நாங்கள் வலது பட்டனை சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவோம். வலது கை தகரத்தை வைத்து எடுக்கும், இடது கை மட்டும் அமுக்கும். வேலை ஓடும். முடிந்ததும் டியூப்பை அவிழ்த்துத் தூணில் இருக்கும் ஆணியில் தொங்கவிட வேண்டும். இது எங்களுக்குள் பேச்சு.

அடுத்த பிரஸ்ஸில் இருந்தவரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். என் வயதுதான் அவருக்கும். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவர் பேசுவார். "உம்ம வாய்க்கும் ரெண்டு பட்டன் வச்சிருக்காங்கவே, ரெண்டும் சேத்து அமுக்க ஆளில்ல" என்பார். பட்டறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சரக்குப் போக வேண்டும். பாய் காலையில் பட்டனைக் கட்டி ஓட்டினார். தொழுகைக்குப் போகும் முன் அவிழ்த்து ஆணியில் மாட்டினார். நான் பார்த்தேன். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள், முதலாளி வெளியே போயிருந்தார். என் தகரம் தீர்ந்துவிட்டதால் நான் சும்மா இருந்தேன். அவர் வருவதற்குள் அவர் பெட்டியில் நூறு இருநூறு கீல் சேரட்டுமே என்று அவர் பிரஸ்ஸில் உட்கார்ந்தேன். டியூப்பை எடுத்து வலது பட்டனைக் கட்டினேன். வாசலில் சுமை ஆட்டோக்காரர் மூட்டையைத் தூக்கக் கூப்பிட்டார். எழுந்து போனேன். அவிழ்க்கவில்லை.

கட்டாமல் ஓட்டும்போது பாய்க்கு ஒரு பழக்கம். வலது கையால் தகரத்தைச் சரிசெய்யும்போதே இடது உள்ளங்கையை இடது பட்டன்மேல் சாய்த்து வைத்திருப்பார். வலது பட்டனை அமுக்காமல் அச்சு இறங்காது என்பதால் அதில் பயம் இல்லை. பட்டன்கள் பலகைக்கு அடியில், நிழலில் இருந்தன. டியூப்பும் கறுப்பு, பட்டனும் கறுப்பு. தொழுதுவிட்டு வந்தவர் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஆட்டோவுக்குள் மூட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த ஒரு அடி கேட்டது.

வலது கையில் நடுவில் உள்ள மூன்று விரல்கள். பெருவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு முதலாளி வந்து குனிந்து பார்த்தார். "கட்டிட்டு மறந்திருக்கான் பாத்தியாலே. தொழுகைக்குப் போற அவசரம்" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இரண்டு முறை வாயைத் திறந்தேன். எச்சில்தான் வந்தது, விழுங்கினேன். மறுநாள் காலையில் தண்ணீர் குடித்ததும் நெஞ்சு எரிந்தது.

கை ஆறி பாய் திரும்பி வந்தார். பிரஸ்ஸில் உட்கார முடியாது. கீல்களை எண்ணிப் பெட்டியில் அடுக்குவது, சாயங்காலம் கேட்டைப் பூட்டுவது என்று வேலை கொடுத்தார்கள். வந்தவர் பழைய ஆள் இல்லை. எண்ணிய பெட்டியைத் திரும்பக் கொட்டி எண்ணுவார். கேட்டைப் பூட்டிவிட்டு முக்குவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று தொழுகையிலிருந்து எழுந்து போகிறாராம். அவர் மனைவி என்னிடம் சொல்லி அழுதார்.

ஒருநாள் பாயே சொன்னார். "டியூப்ப அவுத்து ஆணியில மாட்டுனது கண்ணுக்குள்ள நிக்குவே. அந்த ஆணி, அதுல ஒட்டிருந்த நூலு, எல்லாம் தெரியுது. ஆனா கட்டித்தான இருந்துச்சு. அப்ப என் கண்ணு பாத்ததே பொய்யின்னா, வேற எத நான் நம்புவேன், சொல்லும்."

அவர் கொட்டிவைத்திருந்த கீல்களை நான் பெட்டியில் அள்ளிப் போட்டேன்.

அன்றிலிருந்து கேட்டைப் பூட்டியதும் என்னிடம் கேட்பார். "பூட்டிட்டேனாவே?" "பூட்டிட்டீரு பாய்." "நீரு சொன்னாத்தான் வீட்டுக்குப் போக முடியுது." சைக்கிளை மிதித்துக்கொண்டு என் ஊர் சுத்தமல்லிக்குத் திரும்புகிற வழியில் வாய்க்கால் பாலத்தில் நிறுத்தி எதுக்களித்ததைத் துப்புவேன். விரலை எடுத்தது ஒன்று. ஒரு மனிதன் தன் ஞாபகத்தைத் தானே நம்ப முடியாமல் செய்தது இன்னொன்று. முதலாவதைத் திருப்பித் தர முடியாது. இரண்டாவதைத் தர முடியும், அதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைப் பட்டறைக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். அவர் முகத்தைக் கண்டதும் அது தொண்டையில் நின்றுவிடும்.

அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு காயல்பட்டினம். அவர்கள் வழக்கப்படி ஸஹன் சாப்பாடு. பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறு குவித்து, மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்பது. பாய் எல்லாரையும் உட்காரவைத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் என் கையைப் பிடித்து இழுத்தார். "வாரும், நீரும் நானும் ஒண்ணா இருப்போம்." அந்தத் தட்டுக்கு மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த ஸஹனிலிருந்து அவருடைய மச்சான் கரண்டி ஒன்றை நீட்டினார். "மச்சான், இத வச்சு சாப்பிடுங்க."

"எனக்கெதுக்குலே கரண்டி? நண்டுக்கு ரெண்டே கொடுக்குதான், அது தின்னலையா?" என்றார் பாய். எல்லாரும் சிரித்தார்கள். பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே சோற்றைச் சேர்த்து அவர் வாய்க்குக் கொண்டு போவதற்குள் பாதி தட்டிலேயே உதிர்ந்தது. உதிர்ந்தது என் பக்கம் வந்து விழுந்தது. இதுவரை அவர் சாப்பிடுவதை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

அவர்கள் ஆணம் என்று சொல்கிற குழம்பை என் பக்கம் ஊற்றிவிட்டு அவர் திடீரென்று நிமிர்ந்தார். "பொண்ணு நகைப்பெட்டி இருக்க பீரோவப் பூட்டினேனாவே? நீரு பாத்தீரா?"

"பூட்டிட்டீரு. அன்னைக்கும் அவுத்துட்டீரு பாய்" என்றேன்.

"என்ன?"

"டியூப்பு. ஆணியிலதான் தொங்குச்சு. நீரு தொழுகைக்குப் போன பொறவு நான்தான் எடுத்துக் கட்டினேன். அவுக்காமப் போயிட்டேன்."

அவர் கை தட்டில் அப்படியே நின்றது. சுற்றிலும் பேச்சும் தண்ணீர்ச் செம்புச் சத்தமும். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ஆணியில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நூலு ஒட்டிருந்துச்சா அதுல?"

"ஒரு வெள்ள நூலு."

"நான் மாட்டுனத நீரு கண்ணால பாத்தீரு."

"பாத்தேன் பாய்."

கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடு அசைந்தது, சத்தம் இல்லை. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இவ்வளவு காலம் பழகியவரை முதன்முதலாகப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார். ஸஹனில் கூட இருப்பவர் சாப்பிட்டு முடிக்கும்முன் எழுந்திருப்பது அவர்களிடம் மரியாதை இல்லை. "சாப்பிடும்" என்றார். அவர் தொடவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்க, உதிர்ந்து கிடந்த சோற்றையும் சேர்த்து நான் சாப்பிட்டேன். நான் கையை எடுத்த பிறகுதான் எழுந்து போனார்.

கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி ஓடி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். "அண்ணே, கேட்டீயளா? அவுக அன்னைக்கு டியூப்ப அவுத்து மாட்டிட்டுத்தான் போனாகளாம். இப்ப நல்லா ஞாபகம் வந்துட்டாம். வேற யாரோ கட்டியிருக்காக. யாருன்னு கேட்டேன், தெரியாதுன்னுட்டாக. யாரா இருந்தா என்ன, அவுகளுக்குத் தெளிஞ்சிட்டே, அது போதும் அல்லாவே." வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி நெய்ச்சோற்றுப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். பந்தலுக்குள் பாய் சம்பந்தியோடு பேசிக்கொண்டிருந்தார். நான் இருந்த பக்கம் திரும்பவில்லை.

இப்போது சாயங்காலம் கேட்டைப் பூட்டுகிறார், சாவியைப் பையில் போட்டுக்கொள்கிறார், போய்விடுகிறார். யாரிடமும் எதையும் கேட்பதில்லை. டீ நேரத்தில் மற்றவர்களைக் கேலி செய்கிறார். என்னை மட்டும் கேலி செய்வதில்லை. கட்டினது யாரென்று தெரியாது என்று வீட்டில் ஏன் சொன்னீர் என்று அவரிடம் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை. போன வாரம் டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். கவலை எதுவும் உண்டா என்று மறுபடி கேட்டார். இந்தத் தடவை, இருக்கு சார் என்றேன். என்ன என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.