கடைசி ஆட்டம் வரைக்கும்

கோலா குபு பாருவில் நடந்த ஆட்டத்தில் என் மகள் ஏழு கோல் விட்டுக்கொடுத்தாள். அவளுக்குப் பதினொரு வயது. எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெண்கள் காற்பந்துக் குழுவுக்கு அவள்தான் கோல் கீப்பர். ஏழாவது பந்து வலைக்குள் போனபோது எதிரணிப் பிள்ளைகளே கைதட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

காரில் ஏறியதும் குலுங்கிக் குலுங்கி அழுதாள். 'பரவாயில்லை, விளையாட்டுதானே' என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவளுக்கு அது வெறும் விளையாட்டாக இல்லை. வண்டியை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அழுது ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் பந்து பக்கமே போகமாட்டேன், டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள் என்றாள்.

"எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு தெரியுதும்மா," என்றேன். "ஆனா கடைசி வரைக்கும் வர்றேன்னு டீச்சர்கிட்ட நீதான் சொன்ன. இன்னும் மூணு ஆட்டம் இருக்கு. அது முடியட்டும். அப்புறம் உன் இஷ்டம், நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். ஆனா டீச்சர்கிட்ட நீயேதான் சொல்லணும்."

கோலா சிலாங்கூரில் எங்கள் வீடு வந்து சேரும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை, வீட்டுக்குப் பின்னாலிருந்த காலித் திடலுக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். நான் பிறந்ததிலிருந்து பந்தை உதைத்தவள் இல்லை. முதல் உதையில் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. என் சிலிப்பர்தான் பறந்துபோய்ச் செம்பனை மரத்தடியில் விழுந்தது. முறைத்துக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"விரல்ல உதைக்காதீங்க லா. கால இப்படித் திருப்பி, பக்கவாட்டுல உதைங்க."

எனக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். தினமும் புஞ்சாக் ஆலாமில் வேலை முடிந்ததும் திடலுக்குப் பறந்து வந்துவிடுவேன். பத்து உதையில் ஆறு அவளிடம் போகும். எந்தப் பக்கம் பாய்வது என்று அவள் என் இடுப்பைப் பார்த்தே கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். அடுத்த ஆட்டத்தில் நான்கு கோல். அதற்கடுத்ததில் இரண்டு. எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சமைக்கும்போதுகூடக் கால் தானாக உதைத்தது.

கடைசி ஆட்டம் சபாக்கில். ஒரு கோல் பின்தங்கியிருந்த நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. உதைக்க வந்த பெண் அவளைவிட ஒரு முழம் உயரம். என்னால் உட்கார முடியவில்லை. பந்து வலது மூலைக்குப் பறந்தது. என் மகளும் பறந்தாள். விரல் நுனி பட்டுப் பந்து கம்பத்துக்கு வெளியே போனது. நான் கத்திய கத்தலில் முன்வரிசைக்காரர் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

அந்த ஒரு கோலில் தோற்றோம். எனக்கு அது தோல்வியாகவே படவில்லை. அடுத்த ஆண்டுக்கு நல்ல கையுறை வாங்கவேண்டும் என்று மனம் எங்கோ ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் டீச்சரிடம் நடந்து போவதைப் பார்த்தேன். நிமிர்ந்து நின்று, அடுத்த ஆண்டு நான் வரவில்லை டீச்சர் என்று சொன்னாள். 'இவ்வளவு நன்றாக ஆடிவிட்டு ஏன்' என்று கேட்கத் துடித்தேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன். டீச்சர் அவள் தோளில் தட்டி, அடுத்து கீப்பராக நிற்கப்போகும் நான்காம் வகுப்புப் பெண்ணுக்குப் பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழப் பழக்கிவிட முடியுமா என்று கேட்டார். சரி என்றாள்.

காரில் அவளே கேட்டாள். "கோவமாம்மா?"

"கோவம் இல்ல. எனக்குத்தான் இன்னும் ஆட்டம் முடியல."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பழக்கப் பந்து உதைக்க ஆள் வேண்டும், சனிக்கிழமை வருவீர்களா என்றாள். வெள்ளிக்கிழமையே நான் எனக்கொரு ஜோடி காற்பந்துச் சப்பாத்து வாங்கிவிட்டேன்.