ரோஸ் நிற வரிகள்

வாங்கிய அவமானத்தை, வாங்கிய அளவுக்கே திருப்பிக் கொடுக்க முடியுமா? அனுசியாவின் வாழ்க்கை கேட்ட கேள்வி இதுதான். கொஞ்சம் குறைந்தால் மனம் ஆறாது. கொஞ்சம் கூடினால் குற்றம் நம் பக்கம் வந்துவிடும். சரியான அளவைச் சொல்லும் தராசு எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

சேத்தூர்க்காரி. படிப்பை முடித்த கையோடு ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கட்டுத்துணி அங்கே லாட் லாட்டாகத் தயாராகும். எந்த லாட் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஸ்டோர் இன்சார்ஜ் கண்ணுச்சாமி எக்செல் ஃபைலில் நிறம் அடித்து வைப்பார். மஞ்சள், பச்சை, நீலம், ஆரஞ்சு, ரோஸ். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று எங்கேயும் எழுதி வைத்ததில்லை. முதலாளியே ஒரு லாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள அவரைத்தான் கூப்பிட வேண்டும். அந்தக் கூப்பிடலில்தான் அவர் உயிர் வாழ்ந்தார்.

"ஆரஞ்சுன்னா என்ன அண்ணாச்சி?" என்று அனுசியா ஒருநாள் கேட்டாள்.

"ஒனக்கு எதுக்கு அது? நம்பரை மட்டும் அடி."

பச்சையைப் போல ஆரஞ்சும் அனுப்பத் தயாரானதுதான் என்று நினைத்து அவள் சீட்டுப் போட்டாள். மதுரை வரை போன லாரி சரக்கோடு திரும்பி வந்தது. ஆரஞ்சு என்றால் லேப் முடிவு வரவில்லை, அனுப்பக் கூடாது என்று பொருளாம். பேக்கிங் ஹாலின் நடுவில் நின்று கண்ணுச்சாமி கத்தினார்:

"படிச்ச பிள்ளையாம்! ஏட்டி, மாட்டுக்குக்கூடப் பச்சை எதுன்னு தெரியுமே!"

துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். பயந்து சிரித்தவர்களும் உண்டு. அனுசியாவின் காதுக்கு அந்த வித்தியாசம் எட்டவில்லை. அன்றே வேலையும் போயிற்று.

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தாள். புரோகிராம் எழுதப் படித்தாள். பால்கோவாக் கடைக்கு மேல்மாடியில் ஷீனா நடத்திய சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில் சேர்ந்தாள். வருஷங்கள் போயின. மாடு மட்டும் போகவில்லை. பஸ் ஜன்னலில், சந்தையில், எங்கே ஒரு மாட்டைப் பார்த்தாலும் அந்தச் சிரிப்பு கேட்டது.

ஒருநாள் அதே கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்தது. முதலாளியின் மகன் வினோத் பொறுப்புக்கு வந்திருந்தான். பழைய எக்செல் ஃபைல்கள் அத்தனையும் டேட்டாபேஸுக்குப் போக வேண்டும்; இனிமேல் வரும் கணக்கும் கை படாமல் தானே போய்ச் சேர வேண்டும் என்றான். அந்தந்தப் பிரிவே லாட்டின் நிலையைப் பதிந்துவிடும், நிறமடிக்க ஆள் வேண்டாம். "இது முடிஞ்சா கண்ணுச்சாமி அண்ணாச்சிக்கு இங்க வேலை இல்ல" என்று போனிலேயே சொன்னான்.

"சங்கடமா இருந்தா நம்ம ஆபீஸ் பெனினை அனுப்புறேன்டி" என்றாள் ஷீனா.

"நானே போறேன்."

கண்ணுச்சாமிக்கு அடையாளம் தெரிந்தது. முடி நரைத்திருந்தது, நாக்கு நரைக்கவில்லை.

"சேத்தூர்ப் பிள்ளைதானே? வா, வா. ஒன் புரோகிராமுக்காவது கலர் தெரியுமா? கம்ப்யூட்டரு நம்பரைத்தான் பாக்கும். கலருக்கு எங்கிட்டதான் வரணும். கேளு, சொல்லுதேன்."

"தேவைப்படாது அண்ணாச்சி."

கேட்கக் கூடாது, எதையுமே கேட்கக் கூடாது. அவள் மனத்தில் வரித்துக்கொண்ட பழி அவ்வளவுதான். கேட்கப்படுவதில் வாழ்ந்த மனிதரை, கேட்காமலே கொல்வது.

அவர் நினைத்தது தவறு. எக்செல்லில் ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ளே ஓர் எண் இருக்கிறது. புரோகிராம் அதைப் படிக்கும். பழைய ஃபைல்களின் நிறங்களை எல்லாம் அவள் தனிப் பத்தியாக எடுத்தாள். ஒவ்வொரு லாட்டும் பிறகு என்ன ஆனது என்பதை வாசல் கேட்டிலிருந்து சரக்கு வெளியேறிய கணக்கோடு ஒப்பிட வைத்தாள். நிறங்கள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன.

கண்ணுச்சாமி முதலில் தள்ளி உட்கார்ந்து சிரித்தார். பிறகு பக்கத்து நாற்காலிக்கு வந்தார். பிறகு அவரே டீ வாங்கி வந்தார்.

"நீலம் என்னன்னு கேக்கலையே?"

"ஸ்டெரிலைஸ் பண்ணப் போயிருக்கு."

"யாரு சொன்னா?"

"நீங்க அடிச்ச கலர்தான்."

"அப்ப ஆரஞ்சு?"

அனுசியா திரையிலிருந்து திரும்பி அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். "அது எனக்கு முந்தியே தெரியும் அண்ணாச்சி. மறந்துட்டீகளா?"

அவர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். அது அவளுக்கு இனித்தது. அந்த இனிப்பை அவளுக்காக நான் மறைக்கப் போவதில்லை.

மறுநாள் குரல் இறங்கியிருந்தது. "செத்த நேரம் உக்காந்து சொல்லித் தரட்டுமாம்மா? ரோஸ் மட்டும் ஒனக்குப் பிடிபடாது. கொஞ்சம் லாட்டுதான், கணக்குல சிக்காது."

"வேண்டாம்."

ரோஸ் நிஜமாகவே கடைசிவரை சிக்கவில்லை. சிக்கியபோது ஆபீசில் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அகலம் அரை அங்குலம் குறைந்த துணி. மனிதர்களுக்கு அனுப்ப முடியாது. ரோஸ் லாட் அத்தனையும் மாட்டாஸ்பத்திரிகளுக்குப் போயிருந்தது. அகலம் குறைந்தால் தானே அந்தப் பக்கம் தள்ளிவிடும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள். வேலை முடிந்தது.

ஒப்படைக்கும் நாள் காலையில், படியேறிக்கொண்டிருந்த கண்ணுச்சாமியை நிறுத்தினாள்.

"ரோஸ், மாட்டாஸ்பத்திரி. சரிதானே அண்ணாச்சி?"

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

வினோத்தின் அறையில் பெரிய திரையில் லாட்டுகள் தாமாகவே வரிசைக்கு வந்தன. ஷீனா விளக்கினாள். கண்ணுச்சாமி கதவோரம் நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"எல்லாக் கலரும் முடிஞ்சுதா?" என்றான் வினோத். "அப்ப அண்ணாச்சியை இந்த மாசத்தோட அனுப்பிரலாம்ல?"

அவர் தரையைப் பார்த்தார். அனுசியா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். ரோஸுக்காகச் சேர்த்த அந்த ஒரு வரியைத் தேடி எடுத்து அழித்தாள்.

"ரோஸ் மட்டும் எனக்குத் தெரியல சார். அது அண்ணாச்சிக்குத்தான் தெரியும். அப்படி எதுலயும் சேராத லாட் வந்தா புரோகிராம் நிக்கும். அவிய வந்து பார்த்து சரின்னு அமுக்குனாதான் மேல போகும்."

கண்ணுச்சாமி நிமிர்ந்து பார்த்தார். அவள் சொன்னது பொய் என்பது அந்த அறையில் அவருக்கும் ஷீனாவுக்கும்தான் தெரியும். நன்றி சொல்லவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல் அவர் தலையை ஆட்டினார். இன்றும் ரோஸ் லாட் வரும்போதெல்லாம் அவர் வந்து அந்தப் பொய்யின் மேல் விரலை வைத்து அமுக்குகிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஷீனா கேட்டாள்: "நேத்தே ரோஸும் முடிஞ்சுதுன்னியே. பொறவு ஏன்டி அப்படிச் சொன்ன?"

"டிக்கெட் எடுத்தாச்சா?" என்றாள் அனுசியா.