காமுவின் அளவு ஜாக்கெட்

லோகநாயகி ஃபேஷன் டிசைனிங் படிக்கச் சேர்ந்தபோது அவளுடைய பெரிய பையன் ஆறாம் வகுப்பில் இருந்தான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் வகுப்பு. தொண்ணூற்று மூன்றில் அந்தப் படிப்பின் பெயரே எங்கள் பக்கத்தில் புதுசு. முதலில் படம் வரையச் சொன்னார்கள். மேடம் வரைந்து காட்டிய பெண்ணின் உயரம் அவள் தலையைப்போல ஒன்பது மடங்கு. பெருங்களத்தூரில் லோகநாயகி புகுந்த வீட்டில் ஆறு மடங்கைத் தாண்டியவர்கள் கிடையாது. பிறகு எந்த நிறத்தோடு எது சேரும் என்பது. அதற்கும் பிறகுதான் உடம்பை அளப்பது.

"அளவு ஜாக்கெட்டை நம்பாதீங்க. டேப்பை நம்புங்க" என்றார் மேடம். லோகநாயகி நம்பினாள்.

படிப்பு முடிந்ததும் வீட்டின் முன்னறையில் கடை போட ஆசைப்பட்டாள். கணவர் ஏகநாதன் அந்த அறையை எஸ்.டி.டி. பூத்துக்கு வாடகைக்கு விடுவதாக இருந்தார். தீர்ப்பு சொன்னது மாமியார் கிளியம்மாள்.

"மொதல்ல காமுவுக்கு ஒரு ஜாக்கெட் தை. படப்பை கிரகப்பிரவேசத்துக்குப் போட்டுக்கினு போவட்டும். அவ நல்லா கீதுன்னா ரூம் உனுக்கு."

ஏகநாதனின் தங்கை காமு பொழிச்சலூரிலிருந்து துணியும் அளவு ஜாக்கெட்டும் கொண்டு வந்தாள். அது அவள் கல்யாணமான புதிதில் தைத்தது. லோகநாயகி டேப்பை எடுத்தாள்.

"இன்னா அண்ணி, ஜாக்கெட்டுதான் கீதே. என்னை எதுக்கு அளக்கறீங்க?"

"படிச்சிருக்கேன் இல்ல, காமு. கையைத் தூக்கு."

அளந்தபடியே தைத்தாள். காமு போட்டுப் பார்த்தாள். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. கிளியம்மாள்கூடத் தலையாட்டினாள். காமு அதைக் கழற்றி, பழையதன்மேல் விரித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு விரல் அளவுக்குப் புதுசு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இது யாருக்குத் தைச்சது?"

"இப்பதானே போட்டுப் பார்த்தே? சரியா இருந்துச்சே."

"சரியா இருந்தா ஆச்சா? நான் கொடுத்த அளவு இன்னா, நீங்க தைச்சது இன்னா?"

"அளவு தெரியாதவளுக்கு எதுக்குக் கடை?" என்றாள் கிளியம்மாள்.

"சாயங்காலம் சரி பண்ணித் தரேன்" என்று சொல்லி, லோகநாயகி இரண்டு ஜாக்கெட்டையும் வாங்கி உள்ளே போனாள். புதுசைத் தொடவில்லை. பழையதன் பக்கத் தையலைப் பிரித்தாள். அந்தக் காலத்து டெய்லர் புண்ணியவான். உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தார். அவ்வளவையும் வெளியே எடுத்து, புதுசின் அளவுக்குப் பழையதைத் தைத்து முடித்தாள்.

சாயங்காலம் காமு ஒன்றின்மேல் ஒன்றை வைத்தாள். நூல் பிசகவில்லை. ஆனால் பழையதன் இரு ஓரத்திலும், வெயிலே படாத துணி பட்டையாகப் பளிச்சென்று தெரிந்தது. காமு அந்தப் பட்டையை விரலால் ஒருமுறை தடவினாள். அண்ணியைப் பார்த்தாள். பிறகு பட்டை உள்ளே போகும்படி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"இப்பதாம்மா என் அளவு. அண்ணி நல்லா படிச்சிருக்காங்க."

பூத்துக்காரருக்கு ஏகநாதனே ஆள் அனுப்பி வேண்டாமென்றார். முன்னறைச் சுவரில் டிப்ளமோவைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். கடை திறந்த அன்று முதலில் உள்ளே வந்தவள் கிளியம்மாள். கையில் ஏகநாதன் பிறந்த வருஷத்து ஜாக்கெட்.

"இதே அளவுதான். டேப்பு கீப்புன்னு எடுத்துக்கினு வராதே."

"சரிங்க அத்தை" என்று லோகநாயகி அதை வாங்கி, உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று திருப்பிப் பார்த்தாள்.