முதலாளி மகள் பேசிய பிரெஞ்சு

இன்று எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பாரிஸிலிருந்து ஓர் அம்மா ஆர்டர் பேச வந்தார்.

முதலாளி, கோயம்புத்தூரில் ப்ளஸ் டூ படிக்கும் மகளையும் அழைத்து வந்திருந்தார். பிரெஞ்சில் அவள்தான் வகுப்பில் முதல் மார்க்.

“கண்ணு, அவங்க பாஷையிலயே நாலு வார்த்தை பேசு. ஆர்டர் நமக்குத்தான்” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சைக்கு உருப்போட்டதை ஒப்பித்தாள்.

“ஜாவே பர்லே, துயாவே பர்லே, இலாவே பர்லே...”

நான் பேசியிருந்தேன், நீ பேசியிருந்தாய், அவன் பேசியிருந்தான்.

‘நாம்’ வந்ததும் திக்கினாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. மெதுவாக அடியெடுத்துக் கொடுத்து, கடைசி வரை கூடவே சொன்னார்.

“பாத்தீங்களா, எப்படிப் பேசிக்கறாங்கன்னு!” முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியே வந்ததும் அவள், “அண்ணா, அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க” என்றாள்.

சொல்ல என்ன இருக்கிறது? ‘பேசிக்கறாங்க’ என்று முதலாளி சொன்னதும் ஒரு வகையில் சரிதான் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது.

பிரவுசிங் சென்டரில் என் நேரம் முடியப்போகிறது. மார்க்குக்காகத் தமிழை விட்டு பிரெஞ்சு எடுத்த நண்பர்களே, அதில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரிந்தவர்கள் பதில் போடுங்கள். அவள் ஏன் என்னைப் பார்த்தாள் என்கிறீர்களா? அந்தக் கம்பெனியில் பிரெஞ்சு படித்த இன்னோர் ஆள் நான்தான்.