அங்கத்தவரா என்று கேட்ட கடிதம்

1. நாங்கள் குடியேறிய நாட்டின் மாநிலத் தேர்தலில் எங்கள் சிறு கட்சியின் பெயர் வாக்குச்சீட்டில் வரவேண்டுமானால், சட்டம் கேட்கும் அளவு அங்கத்தவர்களைக் காட்டி முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். எல்லாரும் வாக்காளர்களாக இருக்கவேண்டும்.
2. பரமட்டாவிலும் ஸ்ட்ராத்ஃபீல்டிலும் தமிழ்க் கடை வாசல்களில் நின்று ஆள் சேர்த்தோம்.
3. தேர்தல் ஆணையம் அவர்களில் சிலருக்குக் கடிதம் அனுப்பி, இந்தக் கட்சியின் அங்கத்தவரா என்று கேட்டது.
4. பலர் இல்லை என்று பதில் போட்டார்கள்.
5. பதிவு மறுக்கப்பட்டது.

கட்சிக்கு ஒரேயொரு கோரிக்கைதான். தற்காலிக விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளும் மாநிலத் தொழிற்கல்லூரிகளில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான கட்டணத்திலேயே படிக்கவேண்டும். தொடங்கியவர் எங்கள் தெருவில் இருக்கும் அங்கிள். படகில் அகதியாக வந்து, இன்னும் தற்காலிக விசாவில் இருப்பவர். வாக்குரிமை இல்லாததால் தான் தொடங்கிய கட்சியில் அவரே சேரமுடியாது. அவருடைய மகள் பள்ளி முடித்திருந்தாள். தாதிப் படிப்புக்குத் தகுதி இருந்தும், வெளிநாட்டு மாணவியாக மட்டுமே சேரலாம் என்றார்கள். அந்தக் கட்டணம் அவர்கள் வீட்டு வருமானத்துக்கு எட்டாது.

நான் மென்பொருள் சோதனை செய்பவள். பிழை எங்கே புகுந்தது என்று தேடுவதே என் வேலை. பெயர்களும் விலாசங்களும் சரியாகத்தான் இருந்தன. ஆகவே ஆட்களையே கேட்டேன். முதலில், தானாக வந்து கையெழுத்து வைத்த ஓர் அன்ரியை.

"கவர்ன்மெண்ட் கடிதம் பிள்ளை. நான் ஒண்டிலயும் இல்லையெண்டு போட்டு உடனே அனுப்பிப்போட்டன்."

"அன்ரி, நீங்கள் எங்கட கட்சியில இருக்கிறியள்தானே?"

"ஓம், ஓம்! என்ர வோட் உங்களுக்குத்தான். அதை ஏன் அவங்களுக்குச் சொல்லுவான்?"

அடுத்தடுத்துக் கேட்டவர்களும் இதையே சொன்னார்கள். மாலையில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொன்னேன். குசினியில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் வந்தது."

"என்ன போட்டனீங்கள்?"

"இல்லையெண்டு."

"அப்பா, முதல் கையெழுத்தே உங்கடதுதானே!"

"அங்க ஊரில ஆமி கேட்டது, நீ இயக்கத்தில அங்கத்தவனோ எண்டு. இஞ்ச விசாவுக்கும் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள். இல்லையெண்டு சொன்னபடியாத்தான் உயிரோட இருக்கிறன். எந்தக் கட்சியெண்டு நான் வாசிக்கவேயில்லை."

அவர் இப்போது இந்த நாட்டுக் குடிமகன்.

அப்பா உட்படப் பலரும் இல்லை என்று போட்டதை அங்கிளிடம் நானே போய்ச் சொன்னேன்.

"கொப்பருமோ?" என்று சிரித்தார். "நல்ல கட்சி! தலைவருக்கு வோட் இல்லை, தொண்டருக்கு நாக்கு இல்லை."

மகள் சிரிக்கவில்லை. "So, that's it?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

எல்லாரிடமும் விளங்கப்படுத்தி மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஆனால் தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே பதிவாகியிருக்கவேண்டும் என்பது விதி. அந்தக் காலம் கடந்துவிட்டது.

இன்றைய நிலை இது: இந்தத் தேர்தல் வாக்குச்சீட்டில் எங்கள் கட்சியின் பெயர் இல்லை. கல்லூரி விதி மாறவில்லை. அங்கிளின் மகள் ஒரு கிடங்கில் மரக்கறி பொதி செய்கிறாள். அடுத்த தேர்தலுக்கான விண்ணப்பத்தில் அப்பா இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.